முதல் சவாரி

"ஒருவழியா வாசல விட்டு நகந்துச்சே, அல்ஹம்துலில்லாஹ்!" என்று மஹ்பூபா பெருமூச்சு விட்டாள். ஃபோம் சீவிய தூளும் ஃபைபர் அரிப்பும் அவளை அந்தப் பாடு படுத்தியிருந்தன.

அவள் கணவர் காதர் பாட்சா, ஃபோமும் ஃபைபரும் வைத்துத் தன் கையால் கட்டிய மூன்று சக்கர வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரைக்கால் கடைத்தெருவைக் கடந்தார். எல்லோரும் நின்று பார்த்தார்கள். துபாயிலிருந்து மஹ்பூபாவின் தம்பி ஷகீல் போனில் கூப்பிட்டான்.

"வண்டி எப்படிப் போகுது மச்சான்?"

"குலுங்கவே இல்ல மாப்ள. பஸ் ஸ்டாண்டு தாண்டியாச்சு."

"வீட்டுல செஞ்ச வண்டிக்கு நம்பர் தர முடியாதுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே? அங்க போலீஸ் நிக்குமே!"

"நிக்கிறாங்க. பாத்துச் சிரிச்சிட்டு விட்டுட்டாங்க."

காதர் பாட்சா போனை வைத்தார்.

சற்று நேரத்தில் வண்டி நின்றது. மினி லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்த டிரைவர் சிவநாதன், பின்னால் ஏறி, மூன்று சக்கர வண்டியைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தான்.

"காயலாங்கடை வந்துடுச்சு பாய். எறங்குங்க."

காதர் பாட்சா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கயித்த அவுக்காத தம்பி. பீச் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துடுவோமே..."