ஒற்றைக் கைச் சட்டைகள்

மதியச் சங்கு அலறியது. அரை நாளோடு வேலை முடியும் பகுதிநேரப் பெண்கள், கையிலிருக்கும் சட்டையை முடித்துவிட்டு எழுவதுதான் அந்தத் தையல் கூடத்தின் வழக்கம். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. இன்று செங்கமலம் சங்கு கேட்டதுமே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து வரிசையே காலை எடுத்தது. இயந்திரங்களின் மேல் ஒற்றைக் கையோடு சட்டைகள் கிடந்தன. மேற்பார்வையாளர் தேவசகாயம் ஓடிவந்தார்.

"ஒரு கைதானேம்மா பாக்கி? தச்சுட்டுப் போங்க. சாயங்காலம் லாரி வருது."

"அப்படியே ஏத்திவிடுங்க சார், போடுறவங்களுக்குக் காத்தாட இருக்கும்" என்றாள் பின்வரிசை மும்தாஜ். கூடமே சிரித்தது.

தேவசகாயம் செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணும் சார். முழு நாளும் வேணும்."