தாடிக்கு ஒரு சட்டம்

சிங்காரத்துக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஆதிநாராயணன்தான். மற்றவர்களெல்லாம் அப்புறம்.

ஜமுனாமரத்தூரில் ஆதிநாராயணனின் மலைப்பொருள் கடை. மலை ஏறி வருகிறவர்கள் தேன், சாமை, புளி என்று அள்ளிக்கொண்டு போவார்கள். வாசலில் பெரிய குடை. குடை நிழலில் ஒரு நாற்காலி. நாற்காலியில் வாட்ச்மேன் சிங்காரம்.

மனைவி மாணிக்கம்மாளுக்குக் கால் வீங்கியபோது, குணமாகிறவரை முகம் மழிப்பதில்லை என்று வேடியப்பன் சாமிக்கு வேண்டிக்கொண்டார். தாடி நெஞ்சைத் தொடுவதற்குள் ஆதிநாராயணன் கண்ணில் பட்டுவிட்டது.

"வாசல்ல ஒக்கார்ற ஆளு மழிச்ச மொகமா இருக்கணும் சிங்காரம். கடை ரூலு."

தாடி போயிற்று. மாணிக்கம்மாளின் கால் இன்னும் வீங்கித்தான் கிடக்கிறது. அதற்குச் சாமியைக் குறை சொல்ல முடியுமா? ஆதிநாராயணன் செய்த வேலை.

இந்த நேரத்தில்தான் ஃபாயிசா வந்தாள். வாணியம்பாடிப் பெண்; புருஷனுக்கு இங்கே பஞ்சர் கடை. 'கல்லாவுக்கு ஆள் தேவை' என்ற போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தலையில் கறுப்பு முக்காடு.

'போ, போ. என் தாடிக்கு ஆனதுதான் உன் முக்காட்டுக்கும்' என்று சிங்காரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் போர்டைக் காணோம். ஃபாயிசா வேலைக்கு வந்தாள். முக்காட்டோடு!

சிங்காரத்துக்கு வயிறு எரிந்தது.

கண்ணாடிக் கதவில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. காலையில் பக்கத்துச் சந்து வழியாக அவள் போவதும் சாயங்காலம் வருவதும்தான் தெரியும். வந்ததும் வாசல் குழாயில் வெகுநேரம் கை கழுவுவாள்.

'ஃபேனுக்கடியில ஒக்காந்து எழுந்து வர்றதுக்கு இம்மா நேரம் கை கழுவணுமா? பவுசு!'

வீட்டிலும் அதே பேச்சுதான்.

"அவ முக்காடு மட்டும் கடைக்கு அழகாம். என் தாடி அசிங்கமாம்."

"அந்தப் பொண்ணு உன்ன இன்னாய்யா பண்ணுச்சு?" என்றாள் மாணிக்கம்மாள்.

"உன் காலுக்காவத்தான்டி பேசுறேன்!"

"என் காலு பாட்டுக்கு கீது. உனக்குத்தான் எங்கியோ வலிக்குது."

அடுத்த நாள் சிங்காரம் பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மொதலாளி, ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். கல்லாவுல அந்தப் பொண்ணு முக்காட்ட எடுக்கட்டும். இல்ல, வேலைய வுட்டுப் போவட்டும்."

"எந்தக் கல்லாவுல?" என்றார் ஆதிநாராயணன்.

சிங்காரம் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் ஆதிநாராயணனின் மச்சான் நவீன்குமார் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"இப்டி வா" என்று ஆதிநாராயணன் பின்கதவைத் திறந்தார்.

தகரக் கொட்டாய். அனலடித்தது. மலைபோல் புளி குவிந்து கிடந்தது. தரையில் உட்கார்ந்து கட்டையால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் ஃபாயிசா. கறுப்பு முக்காடு தூசியில் செம்மண் நிறமாகியிருந்தது. பத்து விரலிலும் புளி அப்பியிருந்தது.

"உள்ள வராதீங்க பெரியவரே, ஒரே தூசி. உங்களுக்கு இருமல் வேற இருக்குது" என்றாள்.

சிங்காரம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"முக்காட்ட எடுத்தா கல்லா, எடுக்கலன்னா கொட்டாய்னு சொன்னேன்" என்றார் ஆதிநாராயணன். "ஒரு நிமிஷம் யோசிக்கல. நேரா வந்து கட்டையக் கையில எடுத்துக்கிச்சு."

ஆனாலும் சிங்காரம் விடவில்லை.

"அதான பாத்தேன்! அவளுக்குன்னா கேக்குறீங்க. எனக்குன்னா ஏன் கேக்கல?"

"கேக்காமயா? தாடி வேணும்னா கொட்டாய்க்கு வான்னு உன்னையுந்தான் கேட்டேன். நாற்காலிய வுட மாட்டேன்னு அன்னிக்கே சவரக் கடைக்கு ஓடுனது யாரு?"

சிங்காரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா இப்ப? அந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு கட்டை சும்மாத்தான் கெடக்குது. எடுத்துக்க. தாடி எவ்ளோ வேணா வளத்துக்க."

ஃபாயிசா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

சிங்காரம் கட்டையைப் பார்த்தார். மழித்த தாடையைத் தடவிக்கொண்டார்.

"வாசல்ல ஆளு இல்லீங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

நல்லவேளை, நாற்காலி அங்கேயே இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

என்ன சொன்னால் என்ன? ஆதிநாராயணன் அவருக்கு ஒரு தாடி பாக்கிதான்.