தலையணைப் பஞ்சு

"என்ன மாப்பிள்ளை இது? ஸ்பீக்கரைத் திறந்தா பஞ்சு வருது!"

தங்கை வீட்டுக்காரர் அசடு வழியச் சிரித்தார். "தலையணைப் பஞ்சு மச்சான். ஒண்ணைப் பிரிச்சு உள்ளே அடைச்சேன்."

"தலையணையைப் பிரிச்சீங்களா?"

"ரெண்டு ஸ்பீக்கர் இருக்கே. ரெண்டு தலையணை."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் காதுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். பாடுகிறவர் எச்சில் விழுங்கினால்கூட, "மறுபடி பாடுங்க" என்பார். அந்தக் காதை நம்பி, பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே செய்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இவை. தங்கை கல்யாணத்துக்கு, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல் மனசில்லாமல் கொடுத்தார். இன்று எதேச்சையாக வந்து பார்த்தால், திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை அதன் குடலை உருவிப் போட்டிருக்கிறார்.

"முன்னாடி எதுக்கு இவ்வளவு கனமா துணி?"

"கடையில மிஞ்சின கர்ட்டன் துணி. மடிச்சு மடிச்சு ஒட்டினேன்."

"இங்கே என்னமோ புதுசா பத்த வச்சிருக்கீங்களே?"

"அந்தச் சின்ன ஸ்பீக்கர் கொஞ்சம் அடங்கட்டும்னு ஒரு ரெசிஸ்டர் போட்டேன். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டதுதான்." சூடு பட்டுக் கொப்பளித்திருந்த விரலைப் பெருமையாகக் காட்டினார்.

"அட கடவுளே! சின்ன ஸ்பீக்கர்தான் மாப்பிள்ளை உயிரே! கம்பியில விரல் உரசுறது, பாடுறவங்க உதடு பிரியுறது, எல்லாம் அதுலதான் வரும். அதுக்குப் போய்ப் போர்வை போர்த்தி வச்சிருக்கீங்களே!"

தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆபத்தில் சிக்கியவர்கள் அவசர உதவிக்கு அழைக்கும் போனை எடுத்துப் பேசுவது அவள் வேலை. எதற்கும் பதறாத குரல் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். ஆனால் முகம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணைச் சுற்றிக் கருவளையம். இந்த மனுஷன் வீட்டை ரிப்பேர் கடையாக்கி இவளையும் பாடாய்ப் படுத்துகிறார் என்று நினைத்ததும் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதாம்மா?"

"அவர் மாத்துவார், நான் உட்கார்ந்து கேட்பேன். இன்னும் குத்துதுன்னு சொல்வேன். மறுபடி கழட்டுவார்." சொல்லிவிட்டு சோபாவின் ஓரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"குத்துதா? என் செட்டா?" அண்ணன் எழுந்துவிட்டார். "போதும்டா சாமி. வண்டி வெளியதான் நிக்குது. இப்பவே ஏத்திட்டுப் போறேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. வாடிக்கையாளரிடம்கூட அதட்டிப் பேசத் தெரியாத அந்த மனிதர், கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், இன்னைக்குத்தான் கடைசியா ஒண்ணு மாத்தினேன். இன்னும் போட்டுக்கூடப் பார்க்கலை. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்க. பிடிக்கலைன்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

ஒரு பாட்டுப் பெட்டிக்காக ஒருவர் இப்படிக் கெஞ்சுவாரா என்று அண்ணனுக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, சரி, போடுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார். கேட்டு முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே கண்ணை மூடினார்.

மாப்பிள்ளை ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். பட்டப்பகல் மெல்லச் சாம்பல் நிறமானது. வயலின் தொடங்கியது.

தொடங்கியதா? எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. வில் கம்பியைத் தொடும் அந்த முதல் கீறலைக் காணோம். தாளத்துக்கு விளிம்பே இல்லை. மகா மட்டம், என்று அண்ணன் நினைத்தார். அடுத்த குறையைத் தேடுவதற்குள் ஸ்வரம் ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

அம்மா மடியில் படுத்துக்கொண்டு அவள் அடுத்த வீட்டாரோடு பேசுவதைக் கேட்டால், வார்த்தை ஒன்றும் புரியாது, குரல் மட்டும் வயிற்றுக்குள்ளிருந்து கதகதவென்று வரும். அப்படித்தான் வந்தது. அம்மா யாரைப் பற்றியோ பேசிச் சிரிக்கிறாள். தங்கை கைக்குழந்தையாக மறுபக்கத் தொடையில் கிடக்கிறாள். அறை முழுக்கத் தண்ணீர். அவர் நனையாமல் மிதக்கிறார். எதையும் உன்னிப்பாகக் கேட்க வேண்டாம், யாருடைய தப்பையும் பிடிக்க வேண்டாம். அந்தச் சுகத்தை விட்டு வர அவருக்கு மனமே இல்லை.

தலை ஒரு பக்கமாகச் சரிந்து, திடுக்கிட்டு விழித்தார். திரையின் இடுக்கில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அதே வயலின் மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. வாயோரம் ஈரம். அவமானமாகப் போய்விட்டது.

"பார்த்தீங்களா!" என்று கோபமாகத் தொடங்கினார். "கேட்கிறவனைத் தூங்க வைக்கிற செட்டெல்லாம் ஒரு செட்டா?"

மாப்பிள்ளை பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். அவர் கன்னமெல்லாம் கண்ணீராக இருந்தது. சோபாவைக் காட்டினார். அங்கே தங்கை வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளைபோல் கைகாலைப் பரப்பிக்கொண்டு உறங்கிக் கிடந்தாள்.

"கண்ணை மூடினாலே போன்ல கத்தினவங்க குரலெல்லாம் கேட்குதாம் மச்சான், மாத்திரை போட்டும் தூக்கம் வரலை, பல மாசமா ராத்திரியெல்லாம் கொட்டக்கொட்ட முழிச்சுக்கிட்டே இருந்தா," என்று காதோடு காதாகச் சொன்னார் மாப்பிள்ளை. "இன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே தூங்கிட்டா."