கீழ்வீட்டு வைஃபை

தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்ற சண்டையில் கீழ்வீட்டு ஓரகத்தி திலகவதியோடு பேச்சு நின்றதிலிருந்து, சுகிர்தாவின் போனும் அவளைப் படுத்தியெடுத்தது. மகனோடு வீடியோவில் பேசும்போதே சொந்த டேட்டாவை உதறிவிட்டு, சிக்னல் ஒற்றைக்கோடு மட்டுமே காட்டும் கீழ்வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொள்ளும். அவன் முகம் அப்படியே உறைந்துவிடும். அணைத்து வைத்தாலும் வைஃபை தானாக முளைக்கும்.

“மானங்கெட்ட போன்! அவங்க வாசலை மிதிக்காதேன்னா கேக்குதா?” என்று கத்தினாள்.

சவரம் செய்துகொண்டிருந்த கணவன் திரும்பினான். “அண்ணி பாஸ்வேர்டை மாத்தியிருந்தா அது எப்படி ஒட்டும்?”

சுகிர்தா போனைத் திருப்பிப் பார்த்தாள். மோட்டார் அறைப் பூட்டைக்கூட மாற்றிவிட்ட திலகவதி அக்கா, இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

போனைப் பிடித்தபடி மாடிப்படிக்கு வந்தாள். ஒரு படி இறங்கினாள். திரையில் வைஃபையின் இரண்டாவது கோடு நிறைந்தது.