ஒரே தகரம்

அந்தமானின் மாயாபந்தரில் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வீட்டுக்குள் மதிய வெயில் நேராக விழுகிறது. நனைந்த மெத்தையில் ஈ மொய்க்கிறது. பூங்கோதை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுத் தகரத்தை நிமிர்த்திப் பிடித்தபடி சிரிக்கிறாள். நிவாரணம் போய்ச் சேர்ந்ததை எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏற்ற வேண்டிய படம். அரசு ஊழியர் ராஜவேல் கைபேசியில் எடுக்கிறார். தகரத்தில் முந்தின வீட்டுச் சேறு இன்னும் காயவில்லை. அதை அவள் கையாலேயே வழித்துவிடுகிறாள். "இதை உள்ள வச்சுரட்டுமா சார்?" "இல்லம்மா, இது போட்டோவுக்கு மட்டுந்தான். உங்களுக்கு உள்ளது மெயின்லேண்ட்ல இருந்து ஜஹாஜ்ல வரணும்." எந்தக் கப்பல் என்று கேட்டுவிடுவாளோ என்று அவர் தன் செருப்பைப் பார்க்கிறார். அவளோ "டீக் ஹே சார்" என்று தலையாட்டிவிட்டுக் குனிந்து தகரத்தின் ஒரு முனையைத் தூக்குகிறாள். மறுமுனை அவருக்காகக் காத்திருக்கிறது. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவரும் தூக்குகிறார். தகரம் நடுவில் தொய்ந்து படபடக்கிறது. அதில் பட்ட வெயில் அவர் கண்ணைக் கூசவைக்கிறது. முன்னால் நடக்கும் பூங்கோதை அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "ரூபா, தலையை வாரிட்டு வெளிய வா. பாவம், சார் நமக்காக வெயில்ல அலையுறாரு."