உதவாக்கரை

"என் பொண்டாட்டி என்னை உதவாக்கரைன்னு கூப்பிட்டு எட்டு மாசம் ஆச்சுப்பா" என்றார் மெக்கானிக், சாப்பாட்டு டப்பாவை மூடியபடி.

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொடுத்து வச்ச மனுஷன்யா நீ! ஒண்ணுக்கும் உதவாதவன்னு நான் தினம் வாங்கிக் கட்டிக்கறேன்."

"அகராதியில அப்படி இருக்கலாம். எங்க வீட்டுல அதுக்குச் சாப்பிட வான்னு அர்த்தம். மழையில நனைஞ்சு வந்தா தலையைத் துவட்டுன்னு அர்த்தம்."

அன்று வீட்டுக்குப் போனதும் மெக்கானிக் வேண்டுமென்றே எண்ணெய்க் கையை ஜன்னல் திரையில் துடைத்தார். முப்பது வருஷமாக வீட்டையே ரெண்டாக்கும் குற்றம் அது.

"பரவாயில்லைங்க, துவைச்சா போயிடும்" என்றாள் மனைவி, பட்டும் படாமலும்.

அவர் விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"உதவாக்கரை! கண்ணு எங்க போச்சு?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பதறிப் போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வீட்டுக்காரர்னு நினைச்சுத் திட்டிட்டேன். எனக்கு இப்பல்லாம் ஆளே அடையாளம் தெரியறதில்லை, டாக்டரும் சொல்லியிருக்கார்." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. அவர் வர்ற நேரந்தான்."

"சரிங்கம்மா" என்று உட்கார்ந்தார் அவர்.

இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.