மூன்று மெஷின், ஒரு கட்டை

"இன்னொரு தடவை அந்தம்மாவுக்கு மெஷினை ஓட்டிக் காட்டினே, அவங்களோடயே நீயும் கிளம்பிடு" என்றார் முதலாளி.

அவர் கையில் மெஷினிலிருந்து கழற்றிய உப்புத்தாள் உறை. தேய்ந்து, சொரசொரப்பே இல்லாமல் இருந்தது.

"பார்த்தியா? விக்கிறதுக்கு வச்ச மெஷின்ல வீட்டு வேலையை முடிச்சிட்டுப் போறாங்க. நீயும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறே!"

விற்பனையாளன் ஊன்றுகோலை அழுத்திப் பிடித்தபடி நின்றான். ஒரு கால் சரியில்லாதவன். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

முதலாளி சொன்னதிலும் தப்பில்லை.

முன்னே ஒரு தடவை உப்புத்தாள் வாங்க வந்தவர்தான் அந்த அக்கா. இப்போது மூன்று சனிக்கிழமையாக வருகிறார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். லீவு நாளில் வீட்டு ஷெட்டில் மரவேலை செய்வாராம்.

"மேஜை மேல வைக்கிற ஸ்பிண்டில் சாண்டர் ஒண்ணு வேணும் தம்பி" என்றுதான் முதல் வாரம் வந்தார்.

மூன்று மாடல் இருந்தன. எல்லாம் ஒரே வேலைதான். நடுவில் நிற்கும் உருளை மேல் உப்புத்தாள். அது சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போய்வரும். மரத்தின் உள்வளைவுகளை வழவழப்பாக்கும்.

கீழ்த்தட்டில் இருந்த மெஷினை அவன் ஒரு கையால் தூக்க, அக்கா ஓடிவந்து பிடிக்கப் போனார்.

"விடுங்க! என்னைப் பார்த்து யாரும் பாவப்பட வேண்டாம்" என்றான் வெடுக்கென்று.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை எடுத்தார்.

"ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்."

தேய்த்தார். நிறுத்தினார். கட்டையை அவனிடம் நீட்டினார்.

"மேஜையில வச்சு, பாரம் போட்டுப் பிடி. எங்க உறுத்துது?"

"என்னைக் கேட்டா? நீங்க பிடிச்சுப் பாருங்க."

"ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு என் கை மரத்துப் போச்சுப்பா. ஒண்ணும் தெரியாது."

பிடித்தான். "கட்டைவிரலுக்குக் கீழ உறுத்துது."

மறுபடி தேய்ப்பு. மறுபடி பிடிப்பு. அரை மணி நேரம் கழித்து, "இது ரொம்ப அதிருது, வேணாம்" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது மாடல். அதே கட்டை.

"உருளை எத்தனை சைஸ் வருது?"

"அஞ்சு."

"இருக்கிறதிலேயே சின்னதை மாட்டு."

கட்டையில் விரல்களுக்குப் பள்ளம் விழுந்தது. "தூசி பறக்குது, வேணாம்" என்றார்.

மூன்றாவது வாரம் மூன்றாவது மாடல். "மெஷினோட தட்டு சாய மாட்டேங்குதே, வேணாம்."

பில் போடும் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு. "சனிக்கிழமை அக்காவுக்குக் கட்டை வழவழன்னு ஆயிடுச்சு. உனக்குத்தான் வேலை வழுக்கப் போகுது!"

நான்காவது சனிக்கிழமையும் அக்கா வந்தார்.

"தம்பி, அந்த முதல் மெஷினை ஒரே ஒரு தடவை..."

அவன் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றான். "வாங்குறதா இருந்தா சொல்லுங்கக்கா. இனிமே ஓட்டிக் காட்ட முடியாது."

அந்த நேரம் பார்த்து டெலிவரி வண்டிக்காரர் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தார்.

"அட, வேன் அக்கா! வேற கடையிலேர்ந்து நான் உங்க வீட்ல இறக்கின மெஷின் எப்படி ஓடுது? இதோ, இதே மாடல்தானே? ரெண்டு வருஷம் இருக்குமில்ல? அதிர்வே இல்லைன்னு அப்படிப் புகழ்ந்தீங்களே!"

பில் போடும் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"வீட்ல... இதே மெஷின் இருக்கா?"

"இருக்கு" என்றார் அக்கா தலையைக் குனிந்துகொண்டு.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்க மெஷினைப் பத்திரமா மூடி வச்சுட்டு, எங்க உப்புத்தாளைத் தேய்ச்சுட்டுப் போறீங்க! உங்களால என் வேலை போகப் போகுது, தெரியுமா? ஊரான் பிள்ளைங்களை உங்களை நம்பித்தானே வேன்ல அனுப்புறாங்க?"

அக்காவின் முகம் வெளிறிப் போனது.

"வேலை போற அளவுக்கு ஆகும்னு எனக்குத் தோணலைப்பா. தப்புதான்."

பையிலிருந்து பிரிக்காத உப்புத்தாள் உறைகள் இரண்டை எடுத்து முதலாளியின் மேஜை மேல் வைத்தார். "தேய்ஞ்சதுக்குப் பதிலா."

பிறகு அவன் பக்கம் திரும்பினார். "அந்தக் கோலைக் கொஞ்சம் கொடு."

ஒன்றும் புரியாமல் மெஷினைப் பிடித்துக்கொண்டு கோலை நீட்டினான்.

அதன் பிளாஸ்டிக் கைப்பிடி எப்போதோ வெடித்துப் போயிருந்தது. மேலே சுற்றிய துணியில் பழைய ரத்தக் கறை. அக்கா துணியை அவிழ்த்து, உடைந்த பிளாஸ்டிக்கை உருவிப் போட்டார். பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்தார். இப்போது அதன் நடுவே ஒரு துளை. கோலின் கம்பியில் அதைச் செருகி, திருகாணியை முடுக்கினார்.

"பிடிச்சுப் பாரு."

பிடித்தான். ஐந்து விரலும் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மொத்தப் பாரத்தையும் போட்டு அழுத்தினான்.

எங்கேயும் உறுத்தவில்லை.

அவன் கைப்பிடியை விடாமல் நிமிர்ந்தான்.

"இதை... உங்க வீட்டு மெஷின்லயே செஞ்சிருக்கலாமேக்கா."

"மெஷின் வீட்ல இருந்துச்சு தம்பி. உன் கை இங்கதானே இருந்துச்சு?"